எம்25 தளத்துக்கு 21.2 வந்திருக்கிறது, உடைக்க வேண்டுமா?

கேள்வி, சுருக்கமாக: காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் வீடு கட்டுகிறேன். சித்திரையில் எம்25 (சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் பலம்) ரெடிமிக்ஸ் வாங்கித் தளம் போட்டோம். 4 வண்டி, மொத்தம் 22 கனமீட்டர். பலம் பார்ப்பதற்காக மேஸ்திரி அதே கலவையை மோல்டில் நிரப்பி 3 கியூப் போட்டார். அன்று முழுக்க அவை மொட்டை வெயிலில் காய்ந்த சாக்கு மூடிக் கிடந்தன. மறுநாள் மோல்டைக் கழற்றி, கார் டிக்கியில் வைத்து ஈரோட்டில் ஒரு லேபில் கொடுத்தோம். 28ஆம் நாள் ரிசல்ட் 17.8, 21.2, 24.6. சராசரி 21.2, ஃபெயில் என்று எழுதிவிட்டார்கள். எடை 7.62, 7.98, 8.21 கிலோ. இன்ஜினியர் தளத்தை நம்ப முடியாது என்கிறார். ரெடிமிக்ஸ்காரர் டெஸ்டே தப்பு என்று சொல்லி, ஒரு ஹேமர் கொண்டுவந்து தளத்தின் அடியில் அடித்து 34 காட்டினார். கடைசி வண்டியில் பம்ப் அடைத்ததால் டிரைவர் கொஞ்சம் தண்ணீர் விட்டார். யார் சொல்வதை நம்புவது?

பதில்:

உடைக்க வேண்டாம். அதே சமயம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று மேல்மாடி வேலையையும் ஆரம்பித்துவிட வேண்டாம். உங்கள் இன்ஜினியர் சொல்வதிலும் ரெடிமிக்ஸ்காரர் சொல்வதிலும் பாதிப் பாதி சரி. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் 20 வருடத்துக்கு மேல் சைட்டிலும் லேபிலும் கியூபோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது கான்கிரீட்டைப் பற்றிய தகவலைவிட, அந்தக் கியூபை யார் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பற்றிய தகவல்தான் அதிகம்.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் நான் சராசரியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது மூன்று எண்களுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு சாம்பிள் என்றால் மூன்று கியூப், மூன்றின் சராசரிதான் ரிசல்ட், ஆனால் எந்த ஒரு கியூபும் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் அந்த ரிசல்ட் செல்லாது. 21.2இல் 15 சதவீதம் 3.18. அப்படியானால் மூன்றும் 18.02க்கும் 24.38க்கும் நடுவில் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்று கீழே போய்விட்டது, ஒன்று மேலே போய்விட்டது. லேப் இதற்கு ஃபெயில் என்றும் எழுதியிருக்கக் கூடாது, பாஸ் என்றும் எழுதியிருக்கக் கூடாது. செல்லாது என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

இந்த விதிக்குப் பின்னால் இருக்கிற காரணம் ரொம்ப எளிது. மூன்று கியூபும் ஒரே டிராலியில் அள்ளிய கலவை. அதே சிமெண்ட், அதே எம்-சாண்ட், அதே தண்ணீர், அதே வயசு. கலவை மட்டமாக இருந்தால் மூன்றும் சேர்ந்தேதான் மட்டமாக வரும். ஒன்று 17.8, இன்னொன்று 24.6 என்று பிரிந்து நின்றால், அந்த வித்தியாசம் கலவையில் இருந்து வந்திருக்க வழியில்லை. மோல்டில் நிரப்பிய கை, அதை வைத்த இடம், கொண்டுபோன விதம், அழுத்திய மெஷின், இந்த நாலில் ஏதோ ஒன்றில் இருந்துதான் வந்திருக்கும். ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் இடையே வித்தியாசம் வந்தால் ரெடிமிக்ஸ்காரரைக் கேளுங்கள். ஒரே செட்டுக்குள் வித்தியாசம் வந்தால் டெஸ்ட் செய்தவர்களைக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இந்த நாலில் எது என்பதை அந்த எடைகளே சொல்லிவிடுகின்றன. லேபில் எடை எழுதியிருக்கிறார்கள், அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பல லேபில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

15 சென்டிமீட்டர் கியூபின் கொள்ளளவு 3.375 லிட்டர். நன்றாகக் கெட்டித்த சாதாரணக் கான்கிரீட் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு கியூப் 8.1 கிலோ வர வேண்டும். உங்கள் 24.6 வந்த கியூப் 8.21 கிலோ, அது சரியாக நிரம்பியிருக்கிறது. 17.8 வந்தது 7.62 கிலோதான். ஒரே கலவை, ஒரே அளவு மோல்டு, ஆனால் 590 கிராம் குறைகிறது. அந்த 590 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. ஏறக்குறைய 7 சதவீதம் ஓட்டை. கான்கிரீட்டில் 1 சதவீதம் காற்று ஓட்டை விட்டால் பலத்தில் 5 சதவீதம் போல குறையும் என்பது இந்தத் துறையில் பல காலமாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. 7 சதவீதத்துக்கு ஏறக்குறைய முப்பது. 24.6இலிருந்து 17.8க்கு இறங்கியது 28 சதவீதம். நடுவில் இருக்கும் 7.98 கிலோ கியூபுக்கும் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 3 சதவீதம் ஓட்டை, 14 சதவீதம் இறக்கம், 24.6 ஏறக்குறைய 21 ஆகிறது. ரிப்போர்ட்டில் இருப்பது 21.2. எல்லா ரிப்போர்ட்டும் இவ்வளவு பொருந்தி வராது. உங்களுடையது வந்திருக்கிறது.

ஆக, நடந்தது இதுதான். மேஸ்திரி முதல் கியூபைப் பொறுமையாகக் குத்தி நிரப்பியிருப்பார். இரண்டாவதில் அவசரம். மூன்றாவதில் கரண்டியால் அள்ளிப் போட்டு, மோல்டின் பக்கத்தில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, மேலே மட்டம் செய்யும் மணியாஸ் கட்டையால் இழுத்துவிட்டிருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த வண்டி ரோட்டில் நிற்கிறது, பத்து ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் கியூப் அவருக்கு ஒரு தொந்தரவு. ஆனால் முறை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 16 மில்லிமீட்டர் தடியில், 60 சென்டிமீட்டர் நீளத்தில், முனை உருண்ட ஒரு இரும்புக் கம்பி. மோல்டை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்குக் குறைந்தது 35 குத்து. ஒரு கியூபுக்கு 105 குத்து, மூன்று கியூபுக்கு 315. ஒவ்வொரு குத்தும் கீழ் அடுக்கின் தலையில் கொஞ்சம் இறங்க வேண்டும். சைட்டில் நான் இதைச் சொன்னால், "ஏனுங்ண்ணா, இதையே குத்திக்கிட்டிருந்தா தளம் எப்பங்க போடறது?" என்றுதான் பதில் வரும். அதனால்தான் தளம் போடும் அன்று கியூபுக்கு என்று தனியாக ஒரு ஆள் வேண்டும் என்று நான் எப்போதும் அடம் பிடிப்பேன். அரை நாள் கூலி. இப்போது நீங்கள் செலவழிக்கப் போவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மோல்டையும் பார்க்க வேண்டும். போல்ட் தளர்ந்த பழைய மோல்டில் அடிப்பக்கமாகச் சிமெண்ட் பால் ஒழுகி ஓடிவிடும், ஜல்லி மட்டும் நிற்கும். பக்கங்கள் சாய்ந்திருந்தால் கியூப் சாய்ந்த பெட்டியாக வரும், மெஷினில் ஒரு மூலையில்தான் பளு விழும்.

அடுத்தது முதல் 24 மணி நேரம். என் அனுபவத்தில் நம்ம பக்கம் அதிகம் கெடுவது இங்கேதான். கியூப் முதல் நாள் அசையாமல், ஈரமாக, 27 டிகிரிக்கு 2 கூடக் குறைய உள்ள இடத்தில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காங்கயத்தில் இரும்பு மோல்டைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் சிமெண்ட் அவசரமாக இறுகும். 7ஆம் நாள் எண் நன்றாகவே வரும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். 28ஆம் நாள் பார்த்தால் ஏற வேண்டிய அளவு ஏறியிருக்காது. அவசரமாக வளர்ந்த சிமெண்ட் பிறகு அந்த அளவு பலம் காட்டுவதில்லை. ஆடியில் வேறு பிரச்சினை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அடிக்கிற அடியில் மூடாத கியூபின் மேல்பக்கம் மாலைக்குள் வெடித்துவிடும். சாக்கு போட்டால் போதாது, அந்தச் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பாலிதீன் தாள் வேண்டும். உங்களுடையது வெயிலில், காய்ந்த சாக்கோடு கிடந்திருக்கிறது. அதனால் மூன்று கியூபுமே கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

அசையாத இடம் என்பதை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோமனூர் பக்கம் ஒரு சைட்டில் மாதக்கணக்கில் கியூப் ரிசல்ட் கீழேயே வந்துகொண்டிருந்தது. கலவையை மாற்றினார்கள், சிமெண்ட்டைக் கூட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, நிழலாக இருக்கிறதே என்று பக்கத்துத் தறிக் குடோனில் மோல்டை அடுக்கி வைத்திருந்தார்கள். இரவெல்லாம் 24 தறி ஓடுகிறது. தரையில் டம்ளர் தண்ணீர் வைத்தால் வளையம் வளையமாக ஆடுகிறது. இறுகிக்கொண்டிருக்கும் கான்கிரீட்டை இரவு முழுக்க யாரோ உலுக்கிக்கொண்டே இருந்த மாதிரி. மோல்டை வேறு அறைக்கு மாற்றினோம், அடுத்த செட்டிலிருந்து ரிசல்ட் ஏறியது. கூட்டிய சிமெண்ட்டுக்கான பணம் போனது போனதுதான்.

டிக்கியில் கொண்டுபோனீர்கள் என்பதும் அப்படித்தான். மறுநாள் காலையில் கியூப் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இன்னும் பச்சைதான். வேகத்தடையில் ஒன்றோடு ஒன்று மோதினால் மூலை உடையும், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு விழும். ஈர மணலிலோ ஈரச் சாக்கிலோ ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்துக் கொண்டுபோக வேண்டும். அதைவிட நல்லது, சைட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சில நாள் நனைய விட்டுவிட்டுப் பிறகு கொண்டுபோவது. தொட்டி நிழலில் இருக்கட்டும். தண்ணீரை 7 நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். உப்பு ஏறிய போர் தண்ணீரை விட நல்ல குடிநீர் மேல். இன்னொன்று, கியூபில் எண்ணைச் சாக்பீஸால் எழுதாதீர்கள். தொட்டியில் அழிந்துவிடும், பிறகு எது எந்த வண்டி என்று யாருக்கும் தெரியாது. பெயிண்டில் எழுதுங்கள்.

லேபுக்குள் போகலாம். இங்கே நடக்கிற தப்பை வீட்டுக்காரர் யாரும் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் யாரும் கூட நிற்பதில்லை. நிற்கலாம், டெஸ்ட் அன்று வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனால் இவற்றை மட்டும் கவனியுங்கள். கியூபைத் தொட்டியில் இருந்து எடுத்து, மேலே நிற்கும் தண்ணீரைத் துடைத்துவிட்டு, ஈரத்தோடேயே மெஷினில் வைக்க வேண்டும். மணியாஸ் கட்டையால் இழுத்த சொரசொரப்பான பக்கம் மேலேயோ கீழேயோ இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். மோல்டின் இரும்போடு ஒட்டி வழவழப்பாக வந்த பக்கங்கள்தான் மெஷின் தட்டில் படவேண்டும். சொரசொரப்பான பக்கம் தட்டில் பட்டால் பளு முழுக்க நாலைந்து மேட்டில் மட்டும் விழுந்து கியூப் சீக்கிரமே நொறுங்கிவிடும். தட்டில் முந்தைய கியூபின் துணுக்கு ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். அட்டை, பிளைவுட் என்று எதையும் நடுவில் வைக்கக் கூடாது.

அப்புறம் வேகம். முறைப்படி நிமிடத்துக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் வேகத்தில்தான் பளு ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் கியூபுக்கு அது நிமிடத்துக்கு 315 கிலோநியூட்டன். 25 பலமுள்ள கியூப் 562 கிலோநியூட்டனில் உடையும். அப்படியானால் பளு ஏற ஆரம்பித்ததிலிருந்து உடைய ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். உங்கள் செல்போனில் நேரம் பாருங்கள். வால்வை முழுசாகத் திறந்துவிட்டு 30 விநாடியில் ஒரு கியூபை உடைத்துத் தள்ளும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குள் 40 கியூப் முடிக்க வேண்டும் என்றால் அவர்களும் என்ன செய்வார்கள்? ஆனால் வேகமாக அழுத்தினால் எண் கூடக் காட்டும். உடைந்த கியூபையும் எட்டிப் பாருங்கள். சரியாக அழுத்திய கியூப் நாலு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து, நடுவில் இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் பளு நேராக விழவில்லை. மெஷினில் அளவு சரிபார்த்த தேதி ஒட்டியிருக்கும், ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இந்த இடத்தில் எனக்கு மனசில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். இதுவரை சொன்ன தப்புகளில் பெரும்பாலானவை எண்ணைக் குறைத்துக் காட்டும். குத்தாதது, காயவிட்டது, உலுக்கியது, சொரசொரப்பான பக்கம், சாய்ந்த மோல்டு எல்லாமே நல்ல கான்கிரீட்டைக் கெட்டதாகக் காட்டும். அது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு, உயிருக்குக் கேடு இல்லை. எண்ணைக் கூட்டிக் காட்டும் தப்புகள் சில உண்டு. வேகமாக அழுத்துவது ஒன்று. தொட்டியில் இருந்து முந்தின நாளே எடுத்துக் காயவைத்து உடைப்பது இன்னொன்று. காய்ந்த கியூப் ஈரக் கியூபைவிட 10 சதவீதம் போலக் கூடக் காட்டும். அளவு தப்பிய மெஷினும் கூட்டிக் காட்டலாம். இது எல்லாவற்றையும் விட மோசமானது, கியூபுக்கு என்று தனியாகக் கலப்பது.

பல வருடங்களுக்கு முன்பு பல்லடம் பக்கம் ஒரு மில் கட்டடத்தில் எம்25 தூண்களுக்கு 38, 39 என்று வந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட் பார்த்த எல்லோருக்கும் மகிழ்ச்சி. பலகை பிரித்தபோது இரண்டு தூணில் முழங்கால் உயரத்துக்குத் தேன்கூடு மாதிரி ஓட்டை, கம்பி வெளியே தெரிகிறது. விசாரித்தால், கியூப் போடும் ஆள் ஒவ்வொரு முறையும் டிராலியில் இரண்டு சட்டி சிமெண்ட்டைக் கூடப் போட்டு, தனியாகப் பிசைந்து, அதில்தான் கியூப் போட்டிருக்கிறார். "ரிசல்ட் நல்லா வரணும்னு சொன்னாங்க சாமி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாரோ கேட்டதைச் செய்தார். 21 வந்ததும் உங்கள் வீட்டில் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருப்பீர்கள்? 38 வந்திருந்தால் ஒருவராவது ஏன் என்று கேட்டிருப்பீர்களா? குறைவாக வந்த எண்ணைத் துருவுகிற அதே அக்கறையோடு, அளவுக்கு மிஞ்சி நன்றாக வந்த எண்ணையும் துருவ வேண்டும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனசு வராது.

ஹேமர் விஷயத்துக்கு வருகிறேன். அது கான்கிரீட்டின் மேல் தோலைத் தட்டி, எவ்வளவு எகிறுகிறது என்று பார்க்கிற கருவி. அதைப் பற்றிய பழைய இந்திய முறையான ஐ.எஸ். 13311இலேயே (இப்போது அது ஐ.எஸ். 516இல் சேர்ந்துவிட்டது), அதை வைத்துப் பலத்தைக் கணிப்பதில் 25 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம் என்று எழுதியிருந்தது. 34 என்றால் இருபத்தைந்தரையும் இருக்கலாம், 42ம் இருக்கலாம். அதிலும் அவர் தளத்தின் அடியில் நின்று மேல்நோக்கி அடித்திருக்கிறார். மேல்நோக்கி அடிக்கும்போது உள்ளே இருக்கும் எடை கீழே திரும்பி வருவதற்குப் புவியீர்ப்பும் கை கொடுக்கிறது, அதனால் எகிறும் எண் கூடவே வரும். அதற்குத் தனி வரைபடம் உண்டு. சுவரில் நேராக அடிப்பதற்கான வரைபடத்தில் பார்த்தால் பலம் கூடத் தெரியும். அவர் எதைப் பார்த்தார் என்று கேளுங்கள். கான்கிரீட் காய்ந்திருந்ததா, அடிக்கும் முன் மேற்பரப்பைத் தேய்த்தாரா, ஒரு இடத்தில் எத்தனை அடி அடித்தார், ஹேமரை அதற்கான இரும்புக் கட்டையில் சரிபார்த்தாரா, இதையும் கேளுங்கள். ஒரே தளத்தில் எந்தப் பக்கம் நல்லது, எந்தப் பக்கம் மோசம் என்று ஒப்பிட ஹேமர் நல்ல கருவி. அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அப்படியென்றால் கான்கிரீட் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் உங்கள் இன்ஜினியர் பக்கம் சாய்கிறேன். எம்25 என்றால் சராசரி 25 வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 25 என்பது நூற்றில் ஐந்துக்கு மேல் அதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை. அதைக் காப்பாற்ற, கலவை வடிவமைப்பவர் 25ஓடு 1.65 பெருக்கல் 4 கூட்டி, 31.6 வரும்படி கலக்க வேண்டும். உங்கள் மூன்றில் நன்றாக நிரம்பிய கியூபே 24.6தான். வெயிலும் டிக்கியும் சேர்ந்து இந்த 7ஐக் குறைத்திருக்கலாம். கலவையே கொஞ்சம் மட்டமாகவும் இருந்திருக்கலாம். கியூபை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, அவை உடைந்து போயாகிவிட்டன.

அதுமட்டும் இல்லை. 22 கனமீட்டருக்கு 3 சாம்பிள், அதாவது 9 கியூப் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது ஒரே ஒரு வண்டியில் 3. மற்ற மூன்று வண்டியைப் பற்றி உங்களிடம் ஒரு தகவலும் இல்லை. கடைசி வண்டியில் தண்ணீர் வேறு விட்டிருக்கிறார்கள். கனமீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், 160 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 0.50. 6 கனமீட்டர் வண்டியில் 200 லிட்டர் விட்டால் அது 0.60 ஆகிவிடும். கம்பி போட்ட எம்25க்கு, மிதமான சூழலிலேயே, ஐ.எஸ். 456 அனுமதிக்கும் உச்சம் 0.50. டிரைவர் ஹோஸ் பிடித்தது எத்தனை நேரம் என்று ஆட்களை விசாரியுங்கள். என் கவலை கியூப் போட்ட வண்டியைவிட அந்தக் கடைசி வண்டி மேல்தான்.

இனி செய்ய வேண்டியது. கடைசி வண்டி தளத்தின் எந்த மூலையில் கொட்டியது என்று மேஸ்திரியைக் கேட்டுத் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், மறந்துபோவதற்குள். பிறகு மீயொலி டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தளத்தின் மேலே ஒரு முனை, நேர் கீழே ஒரு முனை வைத்து, ஒலி எவ்வளவு வேகத்தில் கடக்கிறது என்று பார்ப்பது. விநாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் நல்ல நிலை, அதற்குக் கீழே போனால் சந்தேகம். கம்பி வழியாக ஒலி வேகமாக ஓடும், அதனால் முதலில் கம்பி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவியை வைத்துக் குறித்துக்கொண்டு, நடுவில் வைக்க வேண்டும். தளம் முழுக்கக் கட்டம் போட்டு 40, 50 இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் செலவாகாது, தளத்துக்கும் சேதம் இல்லை.

அதில் மோசமாகத் தெரிகிற இடத்தில் கோர் எடுக்க வேண்டும், அதாவது தளத்தைத் துளைத்து ஒரு உருளைத் துண்டை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும். நன்றாகத் தெரிகிற இடத்தில் எடுத்துவிட்டுப் பாஸ் என்று சொல்வதற்கும் ஆள் இருக்கிறார்கள், விடாதீர்கள். குறைந்தது 3 கோர், கடைசி வண்டிப் பகுதியில் மட்டும் தனியாக 3 எடுத்தால் இன்னும் நல்லது. உத்தரத்தில் எடுக்க வேண்டாம், கம்பியை வெட்ட வேண்டாம், எங்கே எடுக்கலாம் என்பதை டிசைன் செய்தவர் குறித்துக் கொடுக்கட்டும். 20 மில்லிமீட்டர் ஜல்லி என்றால் கோரின் விட்டம் குறைந்தது அதைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். கோரிலும் தப்பு நடக்கும். இரண்டு முனையையும் சமமாகத் தேய்க்காமல் மெஷினில் வைத்தால் எண் விழுந்துவிடும், நடுவில் கம்பித் துண்டு இருந்தால் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்குத் திருத்தம் போட்டு, பிறகு 1.25ஆல் பெருக்கினால்தான் அது கியூப் பலமாகும். ரிப்போர்ட்டில் இந்த இரண்டு கணக்கும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், போடாமல் வெறும் கோர் எண்ணை 25ஓடு ஒப்பிட்டு ஃபெயில் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படித் திருத்திய எண்களின் சராசரி 25இல் 85 சதவீதம், அதாவது 21.25 இருந்தால் போதும். எந்தக் கோரும் தனியாக 75 சதவீதமான 18.75க்குக் கீழே போகக் கூடாது. தளம் வெயிலில் கிடப்பது, தொட்டியில் நனைந்த கியூபின் சொகுசு அதற்குக் கிடைப்பதில்லை, அதனால்தான் இந்தச் சலுகை. இந்த இரண்டும் வந்துவிட்டால் தைரியமாக மேலே கட்டுங்கள். வராவிட்டால் டிசைன் செய்தவர் உண்மையான பலத்தை வைத்து மறுபடி கணக்குப் போடட்டும். வீட்டுத் தளம் பெரும்பாலும் பளுவில் வளைவதைத் தாங்கும் பலத்தில் நிற்பது, அதில் கம்பியின் பங்கு பெரிது. 22 வந்தாலும் தாங்கும் என்று கணக்கு சொல்லலாம். சந்தேகம் தீராவிட்டால் பளு ஏற்றிப் பார்க்கும் டெஸ்டும் இருக்கிறது. உடைப்பது இது எல்லாவற்றுக்கும் பிறகுதான். கோர் குழியை அப்படியே விட்டுவிடாதீர்கள், மழை வருவதற்குள் சுருங்காத கிரவுட்டில் (சிமெண்ட் குழம்பில்) அடைத்துவிடுங்கள்.

லேபை மாற்றுவதாக இருந்தால் என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ளதாகப் பாருங்கள், அந்த அங்கீகாரம் இந்த டெஸ்டுக்கு உண்டா என்றும் கேளுங்கள். நம் பக்கம் இன்ஜினியரிங் காலேஜ்களிலும் வெளி ஆட்களுக்கு டெஸ்ட் செய்து தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

மேல்மாடித் தளம் போடும்போது ரெடிமிக்ஸ்காரரையும் லேப் ஆளையும் ஒரே நேரத்தில் சைட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள். இருவர் கண் முன்னால் கியூப் போட்டால் பிறகு டெஸ்ட் தப்பு என்ற பேச்சே வராது. கலவையை வண்டியின் முதல் டிராலியிலும் எடுக்காதீர்கள், கடைசி டிராலியிலும் எடுக்காதீர்கள், நடுவில் எடுங்கள். பம்ப் அடைத்தால் தண்ணீருக்குப் பதில் பிளாண்ட்டில் சொல்லி அளவோடு அட்மிக்ஸர் (கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியும் டிரைவர் ஹோஸைத் தூக்கினால், அந்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் விட்டுக் கலக்கிய பிறகு அதிலிருந்தே தனியாக மூன்று கியூப் போடச் சொல்லுங்கள்.